பொம்மை ஹரிக்கேனும் 1942 தனுஷ்கோடியும்

மேசைப் போர் விளையாட்டுக்கு விலை உயர்ந்த மாடல்தான் வேணும்னு இல்லை. கடையில் கிடைக்கிற பொம்மை விமானமே போதும். அதை 1942 ஏப்ரலுக்குக் கொண்டுபோவதில்தான் வேலை இருக்கு.

1942 ஏப்ரல் 4. கொக்கலையிலிருந்து கேட்டலினா பறக்கும் படகில் கிளம்பிய கனடா விமானி லியனார்ட் பர்ச்சால், இலங்கைக்குத் தெற்கே நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். தகவல் அனுப்பும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து சுமார் 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழும்பின. திருகோணமலையிலிருந்து டார்பிடோவுடன் வந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் இருதள விமானங்களும் வழியிலேயே வீழ்ந்தன.

இப்போ பொம்மைக்கு வருவோம். பெட்டியில் ஸ்கேல் போட்டிருக்காது, நாமதான் அளக்கணும். ஹரிக்கேனின் இறக்கை அகலம் 12.2 மீட்டர். பொம்மையில் அது 8.5 செ.மீ. இருந்தால் 1/144. ஜீரோவின் இறக்கை 12 மீட்டர். அதனால் பக்கத்தில் வைக்கும் ஜீரோ கிட்டத்தட்ட அதே அகலம் இருக்கணும். சக்கரங்களை வெட்டி, ஓட்டையைப் புட்டியால் அடைக்கணும், பறக்கிற விமானத்துக்குச் சக்கரம் வெளியே தெரியாது. தடிமனான விசிறியை எடுத்துட்டு, வட்டமா வெட்டிய கண்ணாடித்தாளை ஒட்டினால் சுழல்வது போலத் தெரியும். கீழே ஒரு கம்பி, கனமான அடித்தட்டு.

அடுத்தது பெயின்ட். பர்மா போர்முனை ஹரிக்கேன் படங்களில் வட்டச் சின்னம் நீலமும் வெள்ளையுமா இருக்கும், நடுவில் சிவப்பு இருக்காது. ஜப்பானின் சிவப்புச் சூரியனோடு குழம்பி, சொந்த ஆளே சுட்டுடக் கூடாதுன்னு எடுத்தாங்க. ஆனா அந்த மாற்றம் 1942 நடுவில் வந்தது. கொழும்புக்கு மேல் பறந்தவற்றில் சிவப்பு இருந்தது. அந்த ஒரு சொட்டுச் சிவப்புதான் பொம்மைக்குத் தேதி போடுது.

வரைபடத்துக்கும் இதே கணக்குதான். 1/144-ல் தனுஷ்கோடியிலிருந்து கொழும்பு வரை, சுமார் 250 கி.மீ., மேசையில் 1.7 கி.மீ. நீளம் கேட்கும். அதனால் தரைக்குத் தனி ஸ்கேல்: 1 செ.மீ.க்கு 2 கி.மீ. அப்போ கொழும்பு 125 செ.மீ. தூரம், தலைமன்னார் வெறும் 15 செ.மீ. இரண்டு ஹரிக்கேனை இறக்கையோடு இறக்கை வைத்தால் நீரிணையே மறைஞ்சிடும். போர் நம்ம கரைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்ததுன்னு அப்போதான் புரியும். மறுநாள் ஏப்ரல் 6 விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது.

இன்னொரு எச்சரிக்கை. இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கரையை வரைந்தால், தனுஷ்கோடி இருக்கும் இடத்தில் மணலும் இடிபாடும்தான் வரும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிந்தைய கரை அது. 1942-ல் அது ஊர். 1914 முதல் போட் மெயில் பயணிகள் ரயிலை விட்டுக் கப்பல் ஏறிய துறைமுகம்.

விளையாட்டு விதியில் அந்த ஊருக்குப் புள்ளி எதுவும் கிடையாது. தாக்கப்படவும் இல்லை, காக்கப்படவும் இல்லை. ஆனாலும் ரயில் நிலையத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்றுன்னு இரண்டு தீப்பெட்டித் துண்டையாவது அங்கே வையுங்க. விமானத்தில் சிவப்புப் புள்ளியைச் சரியா வைத்துவிட்டு, கீழே ஊரை விட்டுட்டா அது 1942 ஆகாது.