ஆடு தின்ற புத்தகம்

"எழுத்தே இல்லாத சனங்களுக்கு வரலாறு இருக்குமா சேர்?"

போன கிழமை தரம் 10 வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாணவி கேட்டாள். மணியடித்துவிட்டதால் பதிலை முடிக்கவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், மின் ஆற்றங்கரை மலைகளில் சியாங் இன மக்கள் வாழ்கிறார்கள். 2010 குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 3 இலட்சத்து 10 ஆயிரம் பேர். அவர்களது மொழிக்குப் பரம்பரையாக எழுத்து இல்லை. அதற்கு அவர்களே ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் புத்தகம் இருந்ததாம். அதை வைத்திருந்த பூசாரி அயர்ந்து தூங்க, ஆடு தின்றுவிட்டதாம். அந்த ஆட்டின் தோலில் பறை செய்து அடித்தால், தின்ற வரிகள் நினைவுக்கு வரும் என்று ஒரு குரங்கு சொல்லிக் கொடுத்ததாம். இன்றும் 'ஷிபி' எனப்படும் அவர்களது பூசாரிகள் ஆட்டுத்தோல் பறையை அடித்துக்கொண்டுதான் நெடும்பாட்டுகளைப் பாடுகிறார்கள்.

ஒரு பாட்டு, வடக்கேயிருந்து இடம்பெயர்ந்து வந்த முன்னோர் 'கே' என்ற மக்களோடு போரிட்டு, வெள்ளைக் கல்லின் துணையால் வென்ற கதை. அவர்களது வீட்டுக் கூரைகளில் இன்றும் வெண்கற்கள் இருக்கும். இன்னொன்று, மண்ணுலக இளைஞனை மணந்த வானுலகப் பெண் முஜியேஜுவின் கதை. சில ஊர்களில் இரண்டு குரலில் இணைந்து பாடுகிறார்கள். மாவோ மாவட்டத்தின் சூகு பகுதியில், சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் பெண்களின் பாட்டுத் திருவிழா. அன்று சமையல் ஆண்களுடைய வேலை.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். 'சியாங்' என்ற பெயர் மூவாயிரம் வருடங்களுக்கு முந்திய ஷாங் காலத்து எலும்பு எழுத்துகளிலேயே இருக்கிறது. எப்படித் தெரியுமா? பிடிபட்ட கைதிகளாக, பலி கொடுக்கப்பட்டவர்களாக. எழுதியவர்கள் அவர்களைப் பிடித்தவர்கள். அந்தப் பெயர் அன்று மேற்குத் திசை மக்கள் பலரையும் குறித்தது. ஆகவே இன்றைய சியாங் மக்களோடு அதை நேராக முடிச்சுப்போட முடியாது. ஆனாலும் ஒரு விடயம் தெளிவு. எழுத்தில் கிடைப்பது மற்றவர் சொன்ன கதை. தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது பாட்டில்தான் இருக்கிறது. பாட்டில் உள்ளதெல்லாம் நடந்தவை என்று நான் சொல்லவில்லை. தாங்கள் யார் என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதும் வரலாறுதானே.

2008 மே 12இல் வென்சுவான் பூகம்பம் அந்த மலைகளையே குலுக்கியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 87 ஆயிரம் பேர். பல சியாங் கிராமங்கள் அழிந்தன. அதற்கு முன்பே இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். 2009இல் சியாங் புதுவருட விழாவை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளில் ஒன்றாக யுனெஸ்கோ சேர்த்தது. 2024இல்தான் அந்த அவசரப் பட்டியலிலிருந்து அது எடுக்கப்பட்டது.

புத்தகம் எரிந்தால் இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கலாம். பாட்டுக்குப் பிரதி இன்னொரு மனிதர்தான். கேட்கப் பிள்ளைகள் இல்லையென்றால், பாடுபவரோடு அதுவும் மண்ணுக்குள் போய்விடும்.

இருக்கும் மகள். எழுத்தில்லாதவர்களுக்கும் வரலாறு இருக்கும். கேட்க ஆள் இருக்கும் வரைக்கும்.