கம் பூட்ஸ் வாங்கும்முன் கொஞ்சம் வரலாறு

குன்னூர் பக்கம் வெலிங்டன்னு ஓர் ஊர் இருக்கு, தெரியுமா? அந்த ஊர்ப் பெயருக்கும், கம் பூட்ஸின் 'வெலிங்டன் பூட்ஸ்' என்ற இன்னொரு பெயருக்கும் காரணம் ஒருவரே. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு.

காலோடு படியும்படி லண்டனில் ஹோபி என்பவரிடம் அவர் செய்து வாங்கியது கன்றுத்தோல் பூட்ஸ். ரப்பர் பின்னாடிதான் வந்தது. 1853இல் ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் பிரான்ஸில் ரப்பர் பூட்ஸ் தயாரிக்க ஆரம்பித்தார்.

அப்புறம் முதல் உலகப்போர். பதுங்குகுழிச் சேற்றில் நாட்கணக்கா நின்ற வீரர்களின் பாதம் மரத்து, வீங்கி, சிலருக்கு அழுகியே போனது. இதுதான் 'டிரெஞ்ச் ஃபுட்'.

எடின்பரோவின் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி பத்து லட்சத்துக்கும் மேல் ஜோடி பூட்ஸ் செய்து கொடுத்தது. ஆனா பூட்ஸ் மட்டும் போதலை. ஏன்?

பூட்ஸ் இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். ரப்பருக்குள் வியர்வையும் தங்கும். அதனால்தான் காலைத் துடைச்சு உலர்த்தணும், காய்ந்த சாக்ஸ் மாத்தணும்னு ராணுவம் உத்தரவே போட்டது.

நீங்க நெடுந்தூரம் நடக்க வாங்கினா:

▪️ கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், கெட்டி சாக்ஸ் போட்டு அளவு பாருங்க.
▪️ விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேணும்.
▪️ குதிகால் வழுக்கக் கூடாது, கெண்டைக்கால் இறுகக் கூடாது.
▪️ மாற்று சாக்ஸ் கையில் இருக்கட்டும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களே, கடிச்சாலும் உங்களுக்கு வலி தெரியாது. நடந்து வந்ததும் பாதத்தைக் கண்ணால் பாருங்க. புண் இருந்தா அன்னைக்கே டாக்டரிடம் காட்டுங்க.