விண்ணப்பம் ஒன்று பள்ளிக்கூடமான வரலாறு

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நற்பணிக்குப் பொருள் வேண்டி விண்ணப்பிப்பது இரத்தல் ஆகாதா என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். ஆகாது என்பதே நம் விடை. அதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த வரலாறு ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1964, 1965 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டுக் கறுப்பின மக்கள் நெடிய போராட்டத்திற்குப் பின் சம உரிமைச் சட்டங்களைப் பெற்றனர். ஆயினும் ஏழைப் பிள்ளைகள், அவருள்ளும் கறுப்பினப் பிள்ளைகள், முதல் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் நாளிலேயே வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்தங்கி நின்றனர். அவர்தம் வீடுகளில் நூல்கள் அரிதாயிருந்தன. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது.

1966-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நியூயார்க் நகரில் தொலைக்காட்சித் தயாரிப்பாளராயிருந்த ஜோன் கான்ஸ் கூனி அம்மையார் இல்லத்தில் ஒரு விருந்து நடைபெற்றது. கார்னெகி அறநிறுவனத்தின் துணைத்தலைவர் லாயிட் மோரிசெட், தொலைக்காட்சி சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்குமா என்று அங்கே கேட்டார். அவ்வினா விருந்தோடு முடிந்துவிடவில்லை. கார்னெகியின் பொருளுதவியுடன் அம்மையார் சில மாதங்கள் பயணம் செய்து, கல்வியாளரையும் உளநூல் அறிஞரையும் கண்டு பேசி, அவ்வாண்டிலேயே அறிக்கை அளித்தார். விளம்பரப் பாட்டுகளைப் பிள்ளைகள் எளிதில் மனப்பாடம் செய்கின்றனர். அவ்வுத்தியாலேயே எழுத்தையும் எண்ணையும் கற்பித்தால் என்ன என்பது அவர் வாதம்.

பெருந்தொகை தேவைப்பட்டது. கார்னெகி தனித்து அதனை ஏற்க இயலவில்லை. எனவே மோரிசெட் பிற வாயில்களையும் தட்டினார். ஏறத்தாழ 80 லட்சம் டாலர் திரண்டது. அதில் பாதியளவு நடுவணரசு தந்தது. கார்னெகி, ஃபோர்டு அறநிறுவனங்கள் பெரும்பங்கு ஈந்தன. 1968 மார்ச்சில் குழந்தைகள் தொலைக்காட்சிப் பணிமனை அறிவிக்கப்பட்டது.

இவ்விண்ணப்பம் வென்றது எவ்வாறு? குறை இன்னது என்று அது ஆய்ந்து கூறிற்று. பிள்ளைகள் எவற்றைக் கற்க வேண்டும் என்பதை ஹார்வர்டுப் பேராசிரியர் ஜெரால்டு லெசர் தலைமையில் அறிஞர் கூடி வரையறுத்தனர். கற்றனரா என்று அளந்து பார்க்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. கணக்குக் காட்ட அஞ்சாதவன் கை நீட்டுவது இரத்தல் அன்று, பொறுப்பேற்றல் ஆகும்.

1969 ஜூலையில் மாதிரிக் காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டினர். பொம்மைகள் வராத தெருக்காட்சிகளில் பிள்ளைகளின் கவனம் சிதறியது. பொம்மைகளையும் மனிதரையும் கலக்கலாகாது என்று அறிஞர் கூறியிருந்தும், பிள்ளைகளின் தீர்ப்பே தலைமேற் கொள்ளப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள் 'செசாமி ஸ்ட்ரீட்' ஒளிபரப்பாயிற்று. முதலாண்டில் 130 நிகழ்ச்சிகள் வெளிவந்தன.

அந்நிகழ்ச்சியில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தெருவில் அண்டை அயலாராய் வாழ்ந்தனர். தெரு என்னும் சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1970 மே மாதத்தில் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் அதனை ஒளிபரப்ப மறுத்தது. இனங்கள் கலந்து வாழும் காட்சிக்கு மாநிலம் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று காரணம் கூறப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழவே, சில வாரங்களில் தடை நீங்கிற்று.

பணம் கிடைத்தது, நிகழ்ச்சியும் வந்தது. அத்துடன் பணி முடிந்ததா? இல்லை. சில நகரங்களில் பொதுத் தொலைக்காட்சி ஏழைகளின் பழைய பெட்டிகளில் தெளிவாகத் தெரியவில்லை. எனவே ஈவ்லின் டேவிஸ் என்ற கறுப்பின அம்மையாரின் தலைமையில் தொண்டர்கள் ஏழைக் குடியிருப்புகளுக்குச் சென்று, பிள்ளைகள் கூடிப் பார்க்கும் மையங்களை அமைத்தனர்.

மிகுதியாகப் பார்த்த பிள்ளைகள் மிகுதியாகக் கற்றனர் என்று 1970-இல் வெளிவந்த மதிப்பீடு கூறிற்று. ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் அதனைப் பார்த்துப் பயன் கொள்வதால் இடைவெளி குறையாதிருக்கலாம் என்று 1975-இல் வேறு ஆய்வாளர் எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கையும் நம் நெஞ்சில் நிற்கத்தக்கது. பொதுவில் வைத்த விளக்கு எல்லார்க்கும் ஒளி தரும். ஆயினும் தொலைவில் உள்ளவனை அதன் அருகே அழைத்து வர ஆள் வேண்டும்.

நம் இரவுப் பள்ளிக்கோ நூலகத்திற்கோ நாளை நீங்கள் விண்ணப்பம் எழுத நேரிடும். கண்ணீரை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பிள்ளைகள், எவ்வகைக் குறை, என்ன செய்வோம், செய்ததை எவ்வாறு காட்டுவோம் என்று எழுதுங்கள். பணம் வந்தபின், அழைக்காமல் வரமாட்டாத பிள்ளையின் வீட்டு வாயிலுக்கு நீங்களே செல்லுங்கள். கடந்த இருபத்தைந்து ஆண்டுகள் நமக்குக் கற்பித்ததும் இதுவே.