புலமைப்பரிசிலும் தொழிற்பயிற்சியும்: 1971 உணர்த்திய பாடம்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் பல தலைமுறைகளாக வழங்கிவரும் பழமொழி. 'கவர்மென்ட்' என்ற சொல்லே மக்கள் வாயில் கோறணமேந்து ஆயிற்று. தமிழர்களின் உத்தியோக மோகத்தைக் கேலி செய்வதற்கு இப்பழமொழியை எடுத்தாள்வோர் பலர். ஆனால் தென்னிலங்கைச் சிங்களக் கிராமங்களிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. இந்த மனப்பாங்கு மக்களிடம் தானாக முளைத்ததன்று. அரசாங்கம் தனது புலமைப்பரிசில்களை எந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதைப் பார்த்தால் அதன் வேர் புலப்படும்.

இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943இல் தனது அறிக்கையை வெளியிட்டது. ஏட்டுக்கல்விக்கு ஒருவகைப் பாடசாலை, செய்முறைக் கல்விக்கு இன்னொரு வகை என மாணவரின் இயல்புக்கேற்பப் பல வகைப் பாடசாலைகளை அக்குழு பரிந்துரைத்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமங்கள்தோறும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளைகள் அரசாங்கச் செலவில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். இது மகத்தான சமூக மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் செய்முறைப் பாடசாலைகள் வேரூன்றவில்லை. புலமைப்பரிசில் ஏட்டுக்கல்விக்குச் சென்றது. பெற்றோரின் கனவும் அதன் பின்னாலேயே சென்றது. கெட்டிக்காரப் பிள்ளை பரீட்சை எழுதும், மற்றப் பிள்ளை தொழில் பழகும் என்ற தரம்பிரிப்பு அன்றே நிலைபெற்றுவிட்டது.

இதன் விளைவை நாடு கால் நூற்றாண்டுக்குப் பின்னர் அனுபவித்தது. பொருளாதாரம் தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்றையே நம்பியிருக்க, சுயமொழியில் கற்று வெளியேறிய இளைஞர் தொகை ஆண்டுதோறும் பெருகியது. எழுதுவினைஞர், ஆசிரியர் பதவிகளுக்காக அவர்கள் காத்திருந்தார்கள். 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாண்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கிராமங்களில் படித்து வேலையின்றி இருந்தவர்கள்.

அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் என்ற பிரித்தானியப் பொருளியலாளரின் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு, இலங்கையின் வேலையின்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. தொழில் வாய்ப்புகளையும் இளைஞரின் எதிர்பார்ப்புகளையும் பொருத்துவது பற்றியதாகவே அதன் தலைப்பும் அமைந்தது. வேலை இல்லை என்பது மட்டும் பிரச்சினையன்று. இருக்கும் வேலைக்கும் கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் இடையிலான பொருத்தமின்மையும் பிரச்சினையே என்பது அவ்வறிக்கையின் சாரம். பாடத்திட்டத்தைத் திருத்துவது மட்டும் போதாது; சம்பள ஏற்றத்தாழ்வுகளும் ஆட்சேர்ப்பு முறைகளும் மாறவேண்டும் என்பதையும் அது எடுத்துரைத்தது.

அன்றைய அரசாங்கம் மருந்தின் பாதியையே உட்கொண்டது. 1972இல் ஆரம்பமான கல்விச் சீர்திருத்தம், தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைகளில் புகுத்தியது. விவசாயம், மீன்பிடி, மட்பாண்டம், நெசவு என அந்தந்தப் பிரதேசத்துத் தொழில்கள் வகுப்பறைக்குள் வந்தன. எண்ணம் நல்லதே. ஆனால் கற்பிக்கப் பயிற்சிபெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. பல்கலைக்கழக அனுமதியும் அரசாங்க உத்தியோகமும் பழைய வழியிலேயே நடந்தன. மட்பாண்டம் கற்ற மாணவனுக்கு அதனால் கிடைக்கக்கூடிய வேலை எது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்திலேயே கட்டிப்போடும் ஏற்பாடு இது எனப் பெற்றோர் ஐயுற்றனர். 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டமும் கைவிடப்பட்டது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. அந்த பஸ்களைப் பழுதுபார்க்கத் தேர்ந்த தொழிலாளர் தேவைப்பட்டனர். மேற்கு ஜேர்மனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி வெரஹெரவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் ஆரம்பிக்கப்பட்டது. 'ஜேர்மன் டெக்' என மக்கள் அழைக்கும் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. இங்கே முதலில் தேவை தெரிந்தது. அதன் பின்னரே பயிற்சி வந்தது. இன்றும் அதில் இடம் கிடைப்பதைப் பெற்றோர் பெருமையாகவே கருதுகின்றனர். தொழிற்கல்வியை நம் மக்கள் இழிவாக எண்ணுகிறார்கள் என்ற வாதம் இங்கே அடிபட்டுப்போகிறது. வேலைக்கு வழிகாட்டாத பயிற்சியையே அவர்கள் ஒதுக்கினார்கள்.

1977க்குப் பின்னர் மத்திய கிழக்கு நாடுகள் மேசன்மாரையும் தச்சர்களையும் சாரதிகளையும் அழைத்தன. முறையான பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் தேவை கண்முன்னே நின்ற காலம் அது. ஆனால் அக்காலத்தின் பெரிய புலமைப்பரிசில் திட்டமான மகாபொல, 1981இல் சட்டமானபோது, பல்கலைக்கழகம் புகுவோரை மனத்திற்கொண்டே அமைந்தது. மூன்றாம் நிலை, தொழிற்கல்விக்கான சட்டம் 1990இலும், தேசிய தொழிற் தகைமை முறை 2004இலும், தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 2008இலும், உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இலும் வந்தன. இவற்றுக்கு முன்னரே 1971ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம், தொழிலகத்திலேயே பயிற்சி பெறும் வழியைத் திறந்திருந்தது. ஆகவே நம்மிடம் நிறுவனங்களுக்குக் குறைவில்லை.

தொழிற்பயிற்சிக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகளை எழுப்புவது நன்று. இப்பயிற்சியை முடிப்பவரை வேலைக்கு எடுக்கப்போவது யார்? அவர் பெறும் ஊதியமும் ஓய்வுகால உறுதியும் ஓர் எழுதுவினைஞருக்குரியதோடு ஒப்பிடத்தக்கவையா? இவற்றுக்கு விடையில்லாமல் வழங்கப்படும் புலமைப்பரிசில், சான்றிதழ் வைத்திருக்கும் இன்னொரு வேலையற்றவரையே உருவாக்கும். அத்தகைய இளைஞர்களின் விரக்திக்கு இந்நாடு, தெற்கிலும் வடக்கிலும், மிக அதிகமான விலையைக் கொடுத்துவிட்டது.