தீக்குச்சியும் தாடையெலும்பும்: தொழிற்கேட்டுக் கட்டுப்பாடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழிலிடத்துக் கேடுகளைக் கட்டுப்படுத்தல் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மட்டுமே உரிய பிரச்சினையெனப் பலர் கருதுவர். எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பது அத்துறைகளின் வினாவெனின், யார் கட்டுப்படுத்துவது, எவர் நலன் கருதி என்பன வரலாற்றின் வினாக்களாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தீக்குச்சிக் கைத்தொழில் இவ்வினாக்களை ஆராய்தற்குத் தக்க சான்றாகும்.

1830களில் பெருகிய வெண்பொசுபரசுத் தீக்குச்சி எச்சுரசுரப்பான பரப்பில் உரசினும் தீப்பற்றியது. ஆனால் அதன் ஆவி, சொத்தைப் பற்களின் வழியே தொழிலாளரின் தாடையெலும்பை உக்கச் செய்தது. 1845இல் வியன்னா மருத்துவர் லொரின்சர் இந்நோயை விவரித்தார். அதே நகரின் ஷ்ரோட்டர் 1840களிலேயே நச்சற்ற செம்பொசுபரசைக் கண்டறிந்தார். 1850களில் சுவீடனில் அதனைக் கொண்டு பாதுகாப்புத் தீக்குச்சியும் செய்யப்பட்டது. ஆகவே நோய் அறியப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே அதற்கான மாற்றும் கிடைத்துவிட்டது.

இருப்பினும் நஞ்சு நீங்கவில்லை. பாதுகாப்புத் தீக்குச்சியை உரசுவதற்குத் தனிப்பரப்பு வேண்டும். எங்கும் உரசக்கூடிய மலிவான குச்சிக்கோ பரந்த சந்தை இருந்தது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் இத்தொழிலின் நிலையை எடுத்துக்காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்தியவை பிரித்தானிய அரசின் விசாரணை அறிக்கைகளே என்பது மனங்கொளத்தக்கது. அரசு அறியாமலிருந்தது என்பதற்கு இடமில்லை.

1888 ஜூலையில் இலண்டன் பிரயன்ட் அன்ட் மே தொழிற்சாலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அப்போது சோசலிசவாதியாக இருந்து, அவர்களின் நிலையை அம்பலப்படுத்தி எழுதினார். எனினும் அவர் வேண்டியது அத்தீக்குச்சிகளைப் பகிஷ்கரிக்குமாறே. போராட்டத்தில் இறங்கியோர் அப்பெண்களே. தண்டப்பணம் ஒழிந்தது, உணவுண்ணத் தனியிடம் கிடைத்தது, தொழிற்சங்கமும் தோன்றியது. நஞ்சு தோய்ந்த மேசையிலிருந்து உணவு பிரிக்கப்பட்டமை சிறிய வெற்றியன்று. ஆனால் நஞ்சு மேசையிலேயே இருந்தது.

அடுத்து வந்தவை கண்காணிப்பு விதிகள். காற்றோட்டம், கைகழுவும் வசதி, பற்பரிசோதனை ஆகியன நூற்றாண்டின் இறுதியில் வற்புறுத்தப்பட்டன. பொசுபரசு நோயைப் பரிசோதகருக்கு அறிவிக்கவேண்டுமென 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயினும் 17 நோயாளரை அறிவியாது மறைத்தமைக்காக அதே நிறுவனம் 1898இல் குற்றங்காணப்பட்டது. விதிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 25 பவுண் மாத்திரமே. இலாபம் பெறுவோனே கேட்டைக் கணக்கிட்டு அறிவிப்பவனாகவும் இருக்குமிடத்துக் கணக்கு எவ்வாறமையும் என்பதை இது உணர்த்தும். மேலும், பற்பரிசோதனை நஞ்சுக்கேற்பத் தொழிலாளியின் உடலைத் தெரிவு செய்ததேயன்றி, உடலுக்கேற்ப உற்பத்தியை மாற்றவில்லை.

1898இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவேனும் காஹெனும் தீக்குச்சிக்குப் பயன்படுத்திய பொசுபரசுச் சேர்வை, எங்கும் உரசக்கூடிய பாதுகாப்பான குச்சியைச் சாத்தியமாக்கியது. எனவே தொழில்நுட்பமே நோயை ஒழித்தது எனச் சிலர் வாதிக்கலாம். ஆனால் அக்கண்டுபிடிப்புக்கு முன்னரே, 1872இல் பின்லாந்தும் 1874இல் டென்மார்க்கும் வெண்பொசுபரசைத் தடைசெய்துவிட்டன. தடையாயிருந்தது அறிவின்மையன்று, சந்தைப் போட்டியே. ஒரு நாடு தடைசெய்யின் பிறிதொரு நாடு சந்தையைக் கைப்பற்றும் என்ற அச்சத்தினாலேயே 1906இல் பேர்ண் நகரில் சர்வதேச உடன்படிக்கை தேவைப்பட்டது. தொடக்கத்தில் ஒப்பமிடாத பிரித்தானியா 1908இல் தடைச்சட்டம் இயற்றியது. அது 1910இல் நடைமுறைக்கு வந்தது. லொரின்சரின் விவரிப்புக்கும் அதற்கும் இடையே 65 ஆண்டுகள்.

கேட்டை அதன் தோற்றுவாயிலேயே நீக்குதல் முதலாவது. கண்காணிப்பும் தற்காப்பும் அதற்கு அடுத்தவை என இன்றைய பாதுகாப்பியல் வரிசைப்படுத்துகின்றது. வரலாற்றில் இவ்வரிசை தலைகீழாகவே நடைபெற்றது. இன்றும் ஒரு தொழிற்சாலையில் முகமூடியும் எச்சரிக்கைப் பலகையும் முதலில் வந்து, நஞ்சை நீக்கும் பேச்சு இறுதியில் வருமாயின், அத்திட்டத்தை வகுத்தவர் யார், அதில் தொழிலாளருக்கு இடமிருந்ததா என்று நாம் வினவுதல் வேண்டும். உக்கிய தாடைகள் நமக்கு விட்டுச்சென்ற வினா அதுவே.