அடைபட்ட காற்றின் வரலாறு: மர்ஃபா முரசு முதல் கார் சப்வூஃபர் வரை

ஹைதராபாத் பழைய நகரத்துத் திருமண ஊர்வலங்களில் முழங்கும் மர்ஃபா, ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளும் ஹத்ரமௌத்திலிருந்து வந்த அரபியரும் அந்நகருக்குத் தந்த இசை. நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர் வாழ்ந்த பகுதி இன்றும் ஏ.சி. கார்ட்ஸ் என்றே வழங்குகிறது. மர்ஃபா கிண்ண வடிவ முரசு. அதன் இனத்தைச் சேர்ந்த அரபு நக்காரா தமிழில் ‘நகரா’ ஆயிற்று. இடைக்கால ஆங்கிலத்தில் ‘நேக்கர்’ ஆயிற்று.

இத்தகைய முரசுகளின் கிண்ணம் தோலைத் தாங்குவதற்கு மட்டும் அமைந்ததன்று. தோல் முழுவதும் ஒருசேர உள்ளே அமிழும்போது கிண்ணத்துக் காற்று அழுந்தி எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த அதிர்வுக்குக் காற்று கூடுதல் விறைப்பைத் தருவதால் அதன் அதிர்வெண் உயர்கிறது. காற்றுக்குச் சுருள்வில்லின் தன்மை உண்டென்று இராபர்ட் பாயில் எழுதியது 1660-இல். காரின் டிக்கியில் வைக்கப்படும் மூடிய சப்வூஃபர் பெட்டியில் நிகழ்வதும் இதுவே. தோலின் இடத்தில் கூம்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒலிபெருக்கி வரலாற்றில் இந்தக் காற்று நெடுங்காலம் தொல்லையாகவே கருதப்பட்டது. கூம்பின் முன்புறமும் பின்புறமும் எழும் அலைகள் எதிர்க்கட்டத்தில் உள்ளவை; அவை கலந்தால் தாழொலி அழிந்துபோகும். இரண்டையும் பிரிக்கவே பெட்டி தேவைப்பட்டது. சிறிய பெட்டியின் காற்று கூம்பை விறைக்கச் செய்யும் என்பதால் பெட்டியை அலமாரி அளவுக்குப் பெருக்கினர். அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் இச்சிந்தனையைத் தலைகீழாக்கினார். கூம்பைத் தாங்கும் துணியும் காகிதமும் சீராக மீளும் வில் அல்ல. கூம்பு பெரிதாக அசைந்தால் ஒலி திரிகிறது. சிறு அழுத்தத்தில் காற்றோ அவற்றைவிடப் பன்மடங்கு சீரானது. ஆகவே தாங்கியைத் தளர்த்திவிட்டு, மீட்கும் வேலையைக் காற்றிடமே ஒப்படைக்கலாம் என்பது அவர் துணிபு. ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அவர் நிறுவிய அக்கௌஸ்டிக் ரிசர்ச், 1954-இல் ஏ.ஆர்-1 என்னும் ஒலிபெருக்கியை வெளியிட்டது. புத்தக அடுக்கில் வைக்கத்தக்க பெட்டியிலிருந்து ஆழ்ந்த தாழொலி எழுந்தது.

1956-இல் வில்ச்சருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. ஹாரி ஓல்சனும் ஜான் பிரெஸ்டனும் 1949-இலேயே இதையொத்த கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். எலக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனத்துடனான வழக்கில் வில்ச்சரின் உரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சட்டப்படி அது சரியே. எனினும் ஓல்சனின் காகிதத்தில் உறங்கிய கருத்தைச் செவிக்குக் கொண்டுவந்தவர் வில்ச்சர் என்பதை வரலாறு மறுக்க இயலாது. தனியுரிமை இல்லாது போனதால் மூடிய பெட்டியை யாரும் செய்யலாம் என்றாயிற்று. கார் ஒலியமைப்புத் தொழில் அனுபவிப்பது அந்தத் தோல்வியின் பலனைத்தான்.

பெட்டியின் அளவைக் கணக்கிடும் முறை ஆஸ்திரேலியாவில் உருப்பெற்றது. நெவில் தீல் துளையுள்ள பெட்டிகளைப் பற்றி 1961-இல் அங்கு வெளியிட்ட கட்டுரை, பத்தாண்டுக்குப் பின் 1971-இல் அமெரிக்க ஆய்விதழில் மறுபதிப்பான பின்னரே உலகின் கவனத்தைப் பெற்றது. (நல்ல ஆய்வு எங்கு வெளியாகிறது என்பதும் அதன் விதியைத் தீர்மானிக்கிறது.) சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால், 1972-73-இல் மூடிய பெட்டிக்கான கணக்கை முழுமையாக்கினார்.

ஓர் எடுத்துக்காட்டு: கூம்பின் தாங்கி 50 லிட்டர் காற்றுக்கு நிகரான நெகிழ்வுடையது, அதன் இயல்பான ஒத்ததிர்வு 28 ஹெர்ட்ஸ், க்யூ மதிப்பு 0.41 என்று கொள்வோம். 25 லிட்டர் பெட்டியில் ஒத்ததிர்வு ஏறத்தாழ 48 ஹெர்ட்ஸுக்கும், க்யூ 0.71-க்கும் உயரும், ஒலி மேடுபள்ளமின்றி இறங்கும். பெட்டியைப் பாதியாக்கினால் இவை 63 ஹெர்ட்ஸ், 0.92 ஆகும். அப்போது ஒத்ததிர்வை ஒட்டி ஒரு மேடு எழும். முழக்கம் கூடும், ஆழம் குறையும். பஞ்சு போன்ற இழைகளைத் திணித்தால் காற்றின் வெப்பநிலை அழுத்தத்தோடு மாறுவது குறைந்து, பெட்டி சற்றுப் பெரிதானதுபோல் நடந்துகொள்ளும்.

மூடிய பெட்டியின் ஒலி ஒத்ததிர்வுக்குக் கீழே எண்மத்திற்கு 12 டெசிபல் வீதம் சரிகிறது. வீட்டுக் கூடத்தில் இது குறையாகத் தோன்றலாம். கார் அறையின் கதை வேறு. ஒலியின் அரை அலைநீளம் அறையின் நீளத்தைத் தாண்டும்போது, 2.8 மீட்டர் அறையில் சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ், அறைக் காற்று முழுவதும் ஒன்றாகவே அழுந்துகிறது. கசிவில்லாத விறைத்த அறையில் இந்த உயர்வும் எண்மத்திற்கு 12 டெசிபலே! பெட்டியின் சரிவும் அறையின் உயர்வும் பெரும்பகுதி ஈடாகிவிடுகின்றன. தகடுகள் அதிர்வதாலும் கதவு இடுக்குகளாலும் நடைமுறையில் உயர்வு இதைவிடக் குறைவு. தெருவில் நிற்பவருக்குப் பாட்டு கேளாமல் ‘தும் தும்’ மட்டும் கேட்பதும் அந்தக் கசிவால்தான்.

திறந்த வீதியில் இந்த உதவி கிடையாது. 2024 அக்டோபரில் ஹைதராபாத் காவல்துறை மத ஊர்வலங்களில் டி.ஜே. ஒலியமைப்புகளைத் தடைசெய்தது. அத்தகைய ஊர்வல வண்டிகளில் ஏற்றப்படுபவை பெரும்பாலும் துளையுள்ள பெரும் பெட்டிகளே. அறை தராத அழுத்தத்தை வெளியில் பெட்டியின் பருமனும் மின்திறனுமே ஈட்ட வேண்டியிருக்கிறது; சிறிய மூடிய பெட்டிக்கு அங்கே வேலையில்லை.