ஜாக் மில்லர்

ஜாக் மில்லர் (பிறப்பு: 2 ஏப்ரல் 1931) பிரான்சில் பிறந்த ஆஸ்திரேலிய நோயெதிர்ப்பியல் அறிஞர். தைமஸ் சுரப்பி எதற்காக இருக்கிறது என்பதை 1961-இல் கண்டறிந்தவர். லிம்போசைட் எனப்படும் நிணநீர்ச் செல்கள் ஒரே இனம் அல்ல, வேலை பிரித்துக்கொண்ட இரண்டு இனங்கள் என்பதை 1968-இல் தம் மாணவர் கிரகாம் மிட்செலுடன் சேர்ந்து நிறுவியவர். பிளஸ் டூ உயிரியலில் மாணவர்கள் டி செல், பி செல் என்று மனப்பாடம் செய்வது இந்தப் பிரிவினையைத்தான்.

நீஸ் நகரில் பிறந்தபோது குடும்பப் பெயர் மூனியே. தந்தை வங்கி அதிகாரி. வேலை நிமித்தம் குடும்பம் ஷாங்காய்க்குப் போனது. மில்லரின் சிறுவயதின் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. 1941-இல், ஜப்பான் இரண்டாம் உலகப் போரில் இறங்குவதற்குச் சற்று முன், குடும்பம் சிட்னிக்குப் புறப்பட்டது. ஆஸ்திரேலியர் வாயில் மூனியே நுழையாததால் அது மில்லர் ஆனது. அவருடைய அக்கா காசநோயில் இறந்திருந்தார். ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தியை மட்டும் நோய் ஏன் கொண்டுபோனது என்ற கேள்விதான் தம்மை மருத்துவத்துக்குள் இழுத்தது என்று பின்னாளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சிட்னி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, உதவித்தொகை ஒன்றின் பேரில் 1958-இல் லண்டன் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்துக்குப் போனார்.

அங்கே அவருக்குக் கிடைத்த இடம் லண்டனில்கூட இல்லை. பக்கிங்காம்ஷயர் கிராமப்புறத்தில் பொல்லார்ட்ஸ் வுட் என்ற கிளை. ஆய்வகம் என்று ஒரு சிறு கொட்டகை. எலிகளுக்கு, பழைய குதிரை லாயத்தை மாற்றிக் கட்டிய அறை. இந்த லாயம் கதைக்குள் மறுபடி வரும்.

அப்போது தைமஸுக்கு மரியாதையே கிடையாது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இரண்டு மடல்களாகக் கிடக்கும் இந்தச் சுரப்பி குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, பருவமடைந்தபின் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். வளர்ந்த விலங்குகளில் அதை வெட்டி எடுத்துப் பார்த்தவர்கள் எந்தக் கெடுதியையும் காணவில்லை. ஆகவே பயனற்றது என்று முடிவு கட்டினார்கள். அதற்கும் முன்பு, பெரிய தைமஸ் குழந்தையின் மூச்சை அடைத்துத் திடீர்ச் சாவை உண்டாக்கும் என்று நம்பிய மருத்துவர்கள், நல்ல ஆரோக்கியமான கைக்குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிச் சுரப்பியைச் சுருக்கினார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

மில்லர் தைமஸின் வேலையைத் தேடிப் போகவும் இல்லை. அவர் எடுத்துக்கொண்டது எலிகளின் ரத்தப் புற்றுநோய். லுட்விக் கிராஸ் கண்டுபிடித்த வைரஸைப் பிறந்த குட்டிக்குச் செலுத்தினால் நோய் தைமஸில் தொடங்கி உடலெங்கும் பரவும். வளர்ந்த எலிக்குச் செலுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வைரஸ் ஏற்றிய குட்டிகளுக்குச் சில வாரங்களில் தைமஸை எடுத்தார், நோய் வரவில்லை. மாதங்கள் கழித்து அதே எலிக்கு வேறொரு தைமஸைப் பொருத்தினார், நோய் வந்தது. அப்படியானால் வைரஸ் உடலில் எங்கோ பதுங்கி இருந்திருக்கிறது. அது தைமஸில் மட்டும்தான் பெருகுமா என்று அறிய ஒரே வழி, வைரஸ் ஏற்றுவதற்கு முன்பே, அதாவது பிறந்த அன்றே, சுரப்பியை எடுத்துவிடுவது.

பிறந்த சுண்டெலிக் குட்டி ஒரு கிராம் எடை வரும். ரோமம் இல்லாத இளஞ்சிவப்புத் தோல், மூடிய கண்கள். மயக்க மருந்து தாங்காது என்பதால் குளிரில் வைத்து மரக்கச் செய்து, நெஞ்சைத் திறந்து, துடிக்கிற இதயத்தைத் தொடாமல் அரிசிமணியைவிடச் சிறிய மடல்களை எடுக்க வேண்டும். தைத்து முடித்த பின்னும் ரத்த வாடை மிச்சமிருந்தால் தாய் எலியே குட்டியைத் தின்றுவிடும். இத்தனைக்கும் பிழைத்த குட்டிகள் தாய்ப்பால் மறக்கும்வரை நன்றாகத்தான் வளர்ந்தன. அதன்பின் மெலிந்து, வயிறு கழிந்து, கூன் விழுந்து செத்தன. வைரஸ் ஏற்றியவையும் செத்தன, ஏற்றாதவையும் செத்தன. சாவுக்குக் காரணம் வைரஸ் அல்ல.

வேறொருவராக இருந்தால் அறுவையில் ஏதோ பிசகிவிட்டது என்று எலிகளைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருப்பார். மில்லர் செத்த எலிகளை அறுத்துப் பார்த்தார். ரத்தத்திலும் மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் லிம்போசைட்டுகள் வற்றிப்போயிருந்தன. கல்லீரலில் தொற்றின் தடங்கள். நோயை எதிர்க்கும் வேலை லிம்போசைட்டுகளுடையது என்பதை ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் அப்போதுதான் காட்டிக்கொண்டிருந்தார். மில்லர் தம் எலிகளுக்கு வேறு இன எலியின் தோலை ஒட்டினார். சாதாரண எலி அதைச் சில நாட்களில் உதிர்த்துவிடும். இவை உதிர்க்கவில்லை. ராட் எனப்படும் பெரிய எலி இனத்தின் தோலைக்கூட ஏற்றுக்கொண்டன. அந்நியத் தோலில் ரோமம் செழித்து வளர்ந்தது. தைமஸ் லிம்போசைட்டுகளின் பிறப்பிடம், எதிர்ப்பாற்றல் உருவாவது அங்கேதான் என்று 1961-இல் லான்செட் இதழில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 30.

மறுப்புகள் வந்தன. ஒட்டுத்தோல் ஆய்வில் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவாரே, தைமஸில் லிம்போசைட்டுகள் இருப்பதைப் பரிணாமத்தின் தற்செயலாகத்தான் ஒருநாள் கருதுவோம் என்ற பொருளில் பேசினார். மில்லரின் லாயம் சுத்தமில்லாதது, எலிகள் அங்கிருந்த கிருமிகளால் செத்தன, மற்றதெல்லாம் அதன் விளைவு என்றார்கள் சிலர். 1963-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளில் அதே அறுவையைச் செய்தார். அவை மெலியவில்லை, ஆனால் அந்நியத் தோலை ஏற்றுக்கொண்டன. விமர்சகர்கள் சொன்னதில் பாதி உண்மை: கிருமிகள்தான் கொன்றன. ஆனால் கிருமிகளுக்கு வழிவிட்டது தைமஸ் இல்லாமை. பொல்லார்ட்ஸ் வுட் பளபளவென்று சுத்தமாக இருந்திருந்தால் அந்தக் குட்டிகள் பிழைத்திருக்கும், ரத்தப் புற்றுநோய் ஆய்வு தன் போக்கில் போயிருக்கும் என்றே தோன்றுகிறது.

இதே காலத்தில் மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினரும் தைமஸை நோக்கித் தனியாக வந்துகொண்டிருந்தார்கள். கோழியிடமிருந்து இன்னொரு துப்பு கிடைத்திருந்தது. அதன் எச்சத்துளை அருகே உள்ள பர்சா என்ற பையை இளங்குஞ்சில் எடுத்துவிட்டால் எதிர்ப்பொருள் சுரப்பதில்லை என்று 1956-இல் புரூஸ் கிளிக் எழுதியது கோழி வளர்ப்பு அறிவியல் இதழில் கிடந்தது. நோயெதிர்ப்பியலார் அந்தப் பக்கம் போகவில்லை. குட் குழுவிலிருந்த மேக்ஸ் கூப்பர் 1965-இல் கோழியில் பர்சாவின் வேலை வேறு, தைமஸின் வேலை வேறு என்று காட்டினார். பர்சா இல்லாத பாலூட்டிகளில் அந்த வேலையை எது செய்கிறது?

மில்லர் 1966-இல் ஆஸ்திரேலியா திரும்பி, மெல்போர்ன் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் சேர்ந்தார். அழைத்தவர் அதன் இயக்குநர் கஸ்டாவ் நோசல், சிட்னியில் பள்ளித் தோழர். அங்கே மிட்செலுடன் செய்த சோதனையின் சூட்சுமம் அடையாளக் குறியில் இருந்தது. தைமஸ் எடுத்து, கதிர்வீச்சால் எதிர்ப்புச் செல்களை அழித்த எலிக்கு, ஒரு மரபினத்தின் எலும்பு மஜ்ஜையையும் வேறு மரபுக் குறி கொண்ட தைமஸ் வழி லிம்போசைட்டுகளையும் கொடுத்தார்கள். பிறகு செம்மறியாட்டின் ரத்தச் சிவப்பணுக்களை ஏற்றி, எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் எவருடையவை என்று குறியை வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் மஜ்ஜையிலிருந்து வந்தவை. தைமஸ் செல்கள் ஒரு துளி எதிர்ப்பொருளும் சுரக்கவில்லை. ஆனால் அவை இல்லாவிட்டால் மஜ்ஜைச் செல்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. 1968-இல் முடிவுகள் வெளியாயின. தைமஸ் செல்களுக்கு டி, எதிர்ப்பொருள் சுரக்கும் மஜ்ஜைச் செல்களுக்கு பி என்ற சுருக்கப் பெயர்கள் நிலைத்தது அடுத்த ஆண்டில். ஒரு கூட்டத்தில் ஆஸ்திரேலிய அறிஞர் பீட் மோரிஸ் எழுந்து, 'புல்ஷிட்' என்ற வசைச்சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பி, டி-தானே என்றாராம். மில்லர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

எய்ட்ஸ் வைரஸ் அழிப்பது உதவி டி செல்களை என்பது புரிந்ததும், இன்று புற்றுநோய்க்கு எதிராக டி செல்களை ஏவிவிடும் சிகிச்சைகள் வந்ததும் இந்தப் பிரிவினையின் மேல்தான். மில்லர் பிறகு, உடல் தன்னையே தாக்காமல் இருப்பது எப்படி என்ற பக்கம் திரும்பினார். கணையத்தின் இன்சுலின் செல்களில் அந்நிய மூலக்கூறு ஒன்றை வெளிப்படுத்தும் எலிகளை 1988-இல் அவர் குழு உருவாக்கியது. எலிகளுக்கு நீரிழிவு வந்தது. எதிர்பார்த்த டி செல் தாக்குதல் மட்டும் இல்லை; மூலக்கூறு மிகையாகக் குவிந்ததிலேயே செல்கள் கெட்டிருந்தன.

1970-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 2001-இல் அதன் காப்லி பதக்கம், 2018-இல் ஜப்பான் பரிசு, 2019-இல் லாஸ்கர் விருது. கடைசி இரண்டும் கூப்பருடன் சேர்த்து. 2019 வரை நோபல் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. துறையில் இதை வியக்காதவர் குறைவு. 1996-இல் ஓய்வு பெற்ற பின்னும் நிறுவனத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார்; ஓவியமும் வரைந்தார்.

வளர்ந்தவர்களுக்குத் தைமஸ் தேவையில்லை என்ற எண்ணம் மட்டும் அறுவை அரங்குகளில் நெடுநாள் தங்கியது. இதய அறுவையில் வழியை மறைத்தால் எடுத்துவிடுவார்கள். வளர்ந்த எலிக்குக்கூட, கதிர்வீச்சில் எதிர்ப்பாற்றல் அழிந்தால் அதை மீட்டெடுக்கத் தைமஸ் வேண்டும் என்று மில்லர் 1962-இலேயே எழுதியிருந்தார். 2023-இல் பாஸ்டன் மருத்துவர்கள் நோயாளிகளின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின் 5 ஆண்டுகளில், தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களில் 8.1 சதவீதமும், எடுக்கப்படாதவர்களில் 2.8 சதவீதமும் இறந்திருந்தார்கள்.